துப்பாக்கிக் குறியும் தூரக் கணக்கும்

வேட்டைத் துப்பாக்கிக்கும் பல்கலைக்கழகத் தமிழ் மொழிக் கழக மலருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். நம்மில் பலருடைய குடும்பங்கள் தோட்டப்புறத்திலிருந்து வந்தவை. குளுவாங், ரெங்கம், சிகாமட், கோத்தா திங்கி என்று ஜொகூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனையும் பால்மரமும்தாம். இளஞ்செம்பனையின் குருத்தைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியைத் தெரியாத தோட்டம் இல்லை. அதை விரட்ட உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவரையும் அநேகமாக ஒவ்வொரு தோட்டமும் அறிந்திருக்கும். அவர் கையில் இருக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் இடைநிலைப்பள்ளி இயற்பியலில் படித்திருக்கிறோம். ஆனால் படித்ததையும் பார்த்ததையும் யாரும் நமக்கு இணைத்துக் காட்டவில்லை. இக்கட்டுரை அதற்கான ஒரு சிறு முயற்சி.

கேள்வி இதுதான்: ஒரு வேட்டைத் துப்பாக்கியின் குறியை எத்தனை மீட்டருக்குச் சரிசெய்து வைக்க வேண்டும்? குறி பார்க்கும் இடமும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி குறிகாட்டியைத் திருத்துவதைச் சுழியமாக்கல் என்போம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுழியம் ஆகிறது என்பதே அதன் பொருள். எந்தத் தூரத்தில் அப்படி ஆகிறதோ அதுவே சுழியத் தூரம்.

குண்டு நேராகப் போவதில்லை

துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் பாய்கிறது என்பது திரைப்படங்கள் நமக்குக் கொடுத்த எண்ணம். உண்மையில் குழலை விட்டு வெளியேறிய கணத்திலேயே அது விழத் தொடங்கிவிடுகிறது. கையிலிருந்து நழுவும் கல்லை இழுக்கும் அதே புவியீர்ப்புதான் அதையும் இழுக்கிறது. காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால், கிடைமட்டமாகச் சுட்ட குண்டும் அதே உயரத்திலிருந்து கைவிட்ட குண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். குண்டின் வேகம் மிக அதிகம் என்பதால், விழுவதற்குள் வெகுதூரம் போய்விடுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். .308 வின்செஸ்டர் என்பது உலகெங்கும் வேட்டைக்குப் பயன்படும் ரைபிள் தோட்டா. அதன் குண்டு ஏறக்குறைய 10 கிராம் எடை. குழல்வாயில் விநாடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகம். 100 மீட்டரைக் கடக்க அதற்கு விநாடியில் எட்டில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அதற்குள் சுமார் 7 செ.மீ. விழுந்துவிடுகிறது. 200 மீட்டரில் விழுந்த அளவு 30 செ.மீ.; 300 மீட்டரில் 73 செ.மீ. தூரம் இரண்டு மடங்கானால் வீழ்ச்சி நான்கு மடங்குக்கும் மேல் ஆவதைக் கவனியுங்கள். வீழ்ச்சி நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்று குண்டின் வேகத்தைக் குறைப்பதால் நேரமும் கூடிக்கொண்டே போகிறது.

இனி இரண்டாவது செய்தி. நம் கண் பார்க்கும் கோடும் குழலின் கோடும் ஒன்றல்ல. தொலைநோக்கிக் குறிகாட்டி குழலுக்கு மேலே ஏறக்குறைய 4 செ.மீ. உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். பார்வைக்கோடு நேரானது. குழல் அதற்குக் கீழே, மிகச் சிறிதளவு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆகவே குண்டு பார்வைக்கோட்டுக்குக் கீழிருந்து புறப்பட்டு, அதை ஒருமுறை வெட்டி மேலே ஏறி, வளைந்து இறங்கும்போது மறுபடியும் ஒருமுறை வெட்டுகிறது. தோட்டத்தில் ஒருவர் எட்டி நிற்கும் இன்னொருவருக்குத் தேங்காயை வீசினால் அது எப்படி வளைந்து போகுமோ அப்படித்தான். குறிகாட்டியின் திருகுகளைத் திருப்பும்போது நாம் மாற்றுவது குண்டின் வளைவை அன்று. பார்வைக்கோடு அந்த வளைவை எங்கே வெட்ட வேண்டும் என்பதைத்தான்.

இரண்டு தூரங்கள், இரண்டு விளைவுகள்

அதே துப்பாக்கியை முதலில் 200 மீட்டருக்குச் சுழியமாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். குண்டு 25 மீட்டரை ஒட்டிப் பார்வைக்கோட்டை முதன்முறை கடக்கும். 50 மீட்டரில் ஏறக்குறைய 3 செ.மீ. மேலே, 100 மீட்டரில் 6 செ.மீ. மேலே, 150 மீட்டரில் 5 செ.மீ. மேலே, 200 மீட்டரில் சரியாகக் குறியில், 250 மீட்டரில் 10 செ.மீ. கீழே, 300 மீட்டரில் 26 செ.மீ. கீழே.

அடுத்து 100 மீட்டருக்குச் சுழியமாக்குவோம். 10 மீட்டரில் 3 செ.மீ. கீழே, 50 மீட்டரில் ஏறக்குறையக் குறியிலேயே, 100 மீட்டரில் குறியில், 150 மீட்டரில் 4 செ.மீ. கீழே, 200 மீட்டரில் 12 செ.மீ. கீழே, 300 மீட்டரில் 44 செ.மீ. கீழே.

எது சிறந்தது? 300 மீட்டரை மட்டும் பார்ப்பவர் முதலாவதே என்பார். மேலைநாட்டு வேட்டை நூல்கள் பலவும் அப்படித்தான் சொல்கின்றன. அவற்றின் வாதம் இது: விலங்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியை 15 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டமாகக் கருதுங்கள். வட்டத்தின் நடுவைக் குறி பார்த்தால், குண்டு 7.5 செ.மீ. மேலேயோ கீழேயோ போனாலும் வட்டத்துக்குள்தான் படும். அந்த எல்லைக்குள் எத்தனை மீட்டர் வரை போகலாம்? 200 மீட்டர் சுழியத்தில் சுமார் 235 மீட்டர் வரை. 100 மீட்டர் சுழியத்தில் சுமார் 175 மீட்டர் வரை. ஆகவே முதலாவதில் 60 மீட்டர் இலாபம்.

இலாபம் உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எந்த மனிதனும் எந்தத் துப்பாக்கியும் ஒரே ஓட்டையில் எல்லாக் குண்டுகளையும் போடுவதில்லை. மூச்சிரைக்க நடந்து வந்து, மரத்தில் சாய்ந்து சுடும் ஒருவரின் குண்டுகள் 100 மீட்டரில் நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் 4 செ.மீ. வரை சிதறுகின்றன என்போம். அது நல்ல கைதான். 100 மீட்டர் சுழியத்தில் அந்தச் சிதறல் முழுவதும் 7.5 செ.மீ. வட்டத்துக்குள் அடங்கிவிடும். 200 மீட்டர் சுழியத்திலோ, குண்டு ஏற்கனவே 6 செ.மீ. மேலே போகிறது, அதன்மேல் 4 செ.மீ. சிதறலையும் சேர்த்தால் 10 செ.மீ. ஆகிறது. குண்டு வட்டத்தைத் தாண்டி முதுகுப் பக்கம் படும். விலங்கு சாகாது, காயத்தோடு ஓடும்.

தொலைவிலுள்ள அரிய வாய்ப்புக்காக, அருகிலுள்ள அன்றாட வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளலாமா? சுழியத் தூரத்தைத் தேர்ந்தெடுப்பதன் சாரம் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது என்றால் அது மிகையாகாது.

செம்பனை நிரையில் எவ்வளவு தூரம் தெரியும்?

நம் ஜொகூருக்கு வருவோம். செம்பனை வழக்கமாக 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடப்படுகிறது. கணக்குப் போட்டால் ஹெக்டருக்கு ஏறத்தாழ 143 மரங்கள். நிரையின் நேரே நின்றால் ஓரளவு தூரம் தெரியும். சற்றே பக்கம் திரும்பினால் ஐந்தாறு மரத்துக்குள் மட்டைகள் பார்வையை மறைத்துவிடும். ஐந்தாறு மரம் என்றால் 45 முதல் 54 மீட்டர். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலும் பெரணிச் செடியும் அதையும் குறைக்கும். ஆகவே இங்கே 300 மீட்டர்க் கணக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

அதுமட்டுமன்று. நம் தோட்டங்களில் காண்பது பெரும்பாலும் ரைபிள் அன்று. ‘செனாப்பாங் பாத்தா’ என்று எல்லாரும் சொல்லும் ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி. முறித்துத் திறந்து ஒரு தோட்டா மட்டும் போடலாம். நுனியில் ஒரு சிறு மணி. திருப்புவதற்குத் திருகு எதுவும் இல்லை. என் தாய்மாமா அப்படிப்பட்ட ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். நான் பொறியியல் படிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: “மாப்ள, இதுக்குத் திருகே இல்லயே, இத எத்தன மீட்டருக்கு வைக்கிறது?”

நல்ல கேள்வி. அதற்கான விடை தோட்டாவைப் பொறுத்தது. உள்ளே பல ஈய உருண்டைகள் இருக்கும் தோட்டாவானால் சுழியம் என்ற பேச்சுக்கு அவ்வளவாக இடமில்லை. உருண்டைகள் போகப்போக விரிகின்றன. எத்தனை மீட்டரில் எவ்வளவு விரிகின்றன என்பதைப் பெரிய தாளில் சுட்டுப் பார்ப்பதே வழி. பன்றியின் மார்பளவு வட்டத்தில் போதிய உருண்டைகள் எதுவரை விழுகின்றனவோ அதுவே அந்தத் துப்பாக்கியின் எல்லை. அதற்கு மேல் சுடுவது காயப்படுத்துவதற்கே உதவும்.

ஒரே பெரிய ஈயக் குண்டு இருக்கும் தோட்டாவானால் கணக்கு ரைபிளைப் போன்றதுதான். ஆனால் அந்தக் குண்டு 28 கிராம் எடையுள்ளது, மழுங்கிய முகம், காற்று அதை விரைவில் தடுத்துவிடும். விநாடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் வேகத்தில் புறப்படுவது 100 மீட்டருக்குள் 300 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 50 மீட்டரில் குறியில் பட்டால், 25 மீட்டரில் ஒரு செ.மீ. மேலே படும், 100 மீட்டரிலோ 15 முதல் 20 செ.மீ. கீழே போய்விடும். எனவே 50 மீட்டரே இதற்கு இயல்பான சுழியம். செம்பனை நிரையின் பார்வைத் தூரமும் ஏறக்குறைய அதுவே. திருகு இல்லாத துப்பாக்கியில், 50 மீட்டரில் எங்கே படுகிறது என்று தாளில் கண்டறிந்து, அதற்கேற்பக் குறி பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னபோது, “அப்போ துப்பாக்கிய மாத்த முடியாது, ஆளுதான் மாறணும்” என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

வேட்டைக்காரரும் விளையாட்டு வீரரும்

ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். 2012ஆம் ஆண்டு இலண்டனில் எட்டு மாதக் கருவைச் சுமந்துகொண்டு 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் போட்டியிட்டார் நம் நாட்டின் நூர் சூர்யானி தைபி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே பிரிவில் இந்தியாவுக்காக உலகக் கிண்ணத் தங்கம் வென்றவர். அவர்களுடைய இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மி.மீ. விட்டம். அவ்வளவு சிறிய புள்ளியைத் தாக்க முடிவதற்குத் திறமை முதல் காரணம் என்றால், தூரம் ஒருபோதும் மாறாது என்பது இரண்டாவது காரணம். பத்து மீட்டர் என்றால் பத்து மீட்டர்தான்; சுழியமும் அங்கேயே.

வேட்டைக்காரருக்கு அந்த வசதி இல்லை. பன்றி எந்தத் தூரத்தில் வரும் என்று அது சொல்லிவிட்டு வருவதில்லை. ஆகவே அவர் ஒரு புள்ளிக்காக அல்லாமல், ஒரு தூர வரம்புக்காகச் சுழியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

தமிழகத்தின் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடிச் சென்று அந்த அனுபவங்களை நூல்களாக எழுதியவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). அவர் பெரிதும் நம்பியது .405 வின்செஸ்டர் ரைபிள். ஏறக்குறைய 19 கிராம் எடையுள்ள மழுங்கிய குண்டு. விநாடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகம். தொலைதூரத்துக்கு அது ஏற்றதன்று. ஆனால் பரண்மீது இரவில் காத்திருந்து, விளக்கொளியில் அருகில் வரும் விலங்கைச் சுடுபவருக்குத் தொலைதூரம் எதற்கு? தன் காட்டுக்கும் தன் வேட்டைமுறைக்கும் ஏற்ற கருவி அது. சுழியத் தூரமும் அப்படியே இடத்திலிருந்து பிறக்க வேண்டும்.

சுழியம் அலையும்

ஒருமுறை சரிசெய்துவிட்டால் என்றென்றும் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். நம் மலாயா மண்ணிலேயே இதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் படையினர் காட்டுக்குள் ஏந்திச் சென்ற துப்பாக்கிகளுள் லீ என்ஃபீல்டு ஐந்தாம் எண் ரைபிளும் ஒன்று. 1944இல் உற்பத்திக்கு வந்த இதைக் ‘காட்டுக் கார்பைன்’ என்பர். காட்டில் தூக்கிச் செல்ல எளிதாக இருக்கும்படி குழலைக் குட்டையாக்கி, உலோகத்தைப் பல இடங்களில் செதுக்கி எடையைக் குறைத்திருந்தார்கள். நாளடைவில் அதன்மீது ஒரு குறை எழுந்தது: நேற்றுச் சரிசெய்த குறி இன்று அங்கே நிற்பதில்லை. ‘அலையும் சுழியம்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1947இல் அதன் உற்பத்தி நின்றது. காரணம் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பாடம் தெளிவானது: சுழியம் மறுபடி மறுபடி சோதிக்கப்பட வேண்டிய ஒன்று.

நம் தட்பவெப்பத்தில் இது இன்னும் பொருந்தும். மரக்கட்டை மழைக்காலத்து ஈரத்தில் ஊதிக் குழலை அழுத்தலாம். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும்போது குறிகாட்டி இடிபடலாம். தோட்டாவின் நிறுவனமோ குண்டின் எடையோ மாறினால் படும் இடமும் மாறும். இவற்றுள் எது நடந்தாலும் மறுபடியும் தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

முறை எளிது, பொறுமைதான் அரிது. உரிமம் பெற்ற சுடுதளத்தில், மேசைமீது மணல்மூட்டை வைத்து, துப்பாக்கியை அதில் தாங்கிச் சுட வேண்டும். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவே இங்கும் வேண்டும். முதலில் 25 மீட்டரில் தொடங்கினால் குண்டு தாளுக்கு வெளியே போகாது. ஒரே குண்டைப் பார்த்துத் திருகக் கூடாது. மூன்று குண்டுகளைச் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைக் கண்டு, அதிலிருந்து குறிக்குள்ள தூரத்தை அளக்க வேண்டும். சூடேறிய குழல் வேறு இடத்தில் போடும் என்பதால் ஒவ்வொரு மூன்றுக்குப் பிறகும் குழலை ஆறவிட வேண்டும்.

பெரும்பாலான தொலைநோக்கிக் குறிகாட்டிகளில் திருகின் ஒரு ‘கிளிக்’ 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மி.மீ. நகர்த்தும். 25 மீட்டரில் அது நான்கில் ஒன்று, அதாவது 2 மி.மீ.க்கும் குறைவு. ஆகவே 25 மீட்டரில் ஒரு செ.மீ. நகர்த்த ஐந்தாறு கிளிக் தேவை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 200 மீட்டர் சுழியத்தின் முதல் வெட்டுப்புள்ளி 25 மீட்டரை ஒட்டி இருப்பதால், ‘25இல் சரிசெய்தால் 200இலும் சரி’ என்று சிலர் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். கோணப்பிழை தூரத்தோடு வளரும். 25 மீட்டரில் ஒரு செ.மீ. பிழை 200 மீட்டரில் 8 செ.மீ. ஆகிவிடும். ஆகவே 25 மீட்டர் தொடக்கம் மட்டுமே. தேர்ந்தெடுத்த தூரத்தில் சுட்டுப் பார்த்த பிறகே வேலை முடிகிறது.

குறிக்கு அப்பால்

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம், யானையை நோக்கி எறிந்து தவறிய வேலைப் பெருமையாகப் பேசுகிறது. அது போர்க்களத்து வீரம். தோட்டத்தில் தவறும் குறிக்கு அப்படி ஒரு பெருமை கிடையாது. காயப்பட்ட பன்றி புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் விடியற்காலையில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்ட வரும் அம்மாவோ, செம்பனைக் குலை பொறுக்க வரும் தொழிலாளியோதான் அதை முதலில் சந்திப்பார்கள். தவறிய குண்டும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகக்கூடியது. தோட்டத்து லயமோ அவ்வளவு தொலைவில் இருப்பதில்லை. பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகளை நம் நாளிதழ்களிலேயே படித்திருக்கிறோம். எவ்வளவு துல்லியமான சுழியமும் இலக்கு எதுவென்று சொல்லாது. அதைக் கண்ணும் மனமும்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் காவல்துறையின் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேட்டைக்குத் தனி உரிமமும் தேவை. விளையாட்டாகத் தொட்டுப் பார்க்கும் பொருளன்று இது.

ஆகவே, எத்தனை மீட்டருக்கு? ஜொகூர்த் தோட்டத்தில் ரைபிளுக்கு 100 மீட்டர். ஒற்றைக் குண்டுபோடும் 12 போருக்கு 50 மீட்டர். நாம் போட்ட கணக்கு தரும் விடை இது. வேறொரு நிலத்தில், வேறொரு விலங்குக்கு விடை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது, இலக்கு எவ்வளவு பெரியது, நம் கை எவ்வளவு சிதறும் என்ற மூன்றையும் முதலில் அளக்க வேண்டும். அதன்பின் திருகைத் தொடலாம்.